ஐந்துக்கு மூன்று

ஜூன் 1, ஞாயிறு

இந்த வாரச் செய்தி: இன்னொரு கைபேசி அரை மில்லிமீட்டர் மெலிந்துவிட்டது. உடம்பு மெலிந்ததே தவிர, முதுகில் காமிரா கொழுக்கட்டை மாதிரி துருத்திக்கொண்டு நிற்கிறது. மேசையில் வைத்தால் ஆடுகிறது. ஆடாமலிருக்க உறை போட வேண்டும், உறை போட்டால் பழைய தடிமன் வந்துவிடும். இதைச் சொல்வதற்கு ஒரு மேடை, இசை, இரண்டு மணி நேரம். பேட்டரி ஒரு நாள் முழுக்க நிற்க வேண்டும் என்று எத்தனையோ வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். அது யார் காதிலும் விழுவதில்லை.

பகலில் இணைய இதழுக்கு இயர்பட்ஸ் விமர்சனம் அனுப்பினேன். ஐந்துக்கு மூன்று. ஆசிரியர் உடனே போன் செய்தார்.

"மேடம், மூணரையாவது போட்டுக்கட்டுமா? கம்பெனிக்காரங்க மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவாங்க."

கூடாது என்றேன். பதினோரு வருடமாக என் விதி ஒன்றுதான். சொன்னதைச் செய்தால் மூன்று. சொன்னதற்கு மேல் செய்தால் நான்கு. ஐந்து இதுவரை எதற்கும் போட்டதில்லை. நிறை ஒரு வரி, குறை ஒரு வரி கட்டாயம். குறையே இல்லை என்று எழுதுகிறவர் விளம்பரம் எழுதுகிறார். எல்லாவற்றுக்கும் ஐந்து நட்சத்திரம் போட்டுப் போட்டு இந்த ஊரில் நட்சத்திரத்துக்கே மதிப்பில்லாமல் செய்துவிட்டார்கள்.

மாலையில் 'வாசல்' மணி அடித்தது. வாசல் என்பது எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் கேட் செயலி. மார்ச் மாதம் நான் மூன்று செயலிகளைச் சோதித்து எழுதிக் கொடுத்து, சங்கம் வாங்கியது. இங்கே வேலைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் ஓர் எண். காவலாளி அந்த எண்ணைப் போட்டால்தான் உள்ளே விடுவார். மாதத்தின் முதல் தேதி எங்களிடம் எல்லோருக்கும் மதிப்பெண் கேட்கும். பால், தண்ணீர் கேன், இஸ்திரி, வீட்டு வேலை. ரசம் பொங்குவதற்குள் போட்டு முடித்தேன்.

ஜூன் 3, செவ்வாய்

தனக்கோட்டி எட்டு மணிக்கும் வரவில்லை. ஏழு வருடமாக எங்கள் வீட்டில் வேலை செய்கிறாள். இதே பிளாக்கில் இன்னும் நான்கு வீடுகள். பெரும்பாக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிறாள். அவள் பெருக்கும்போதுதான் நான் கைபேசியில் வாய்விட்டுச் சொல்லி விமர்சனம் எழுதுவேன். "இந்த போனுக்கு இன்னாக்கா கொற?" என்று துடைப்பத்தை நிறுத்திக் கேட்பாள். சொன்னால், "இதுக்கு என் பட்டன் போனே தேவல" என்பாள். பல சமயம் அவள் சொல்வதுதான் சரி.

எட்டேகாலுக்குப் போன் வந்தது.

"அக்கா, கேட்டாண்ட நிக்கிறேன். வுட மாட்றாங்க."

கீழே போனேன். காவலாளி பிரணப் அசாம்காரர், இரண்டு வருடத்தில் நன்றாகவே தமிழ் பேசுகிறார். திரையைத் திருப்பிக் காட்டினார். அவள் படத்தைச் சுற்றிச் சிவப்பு வளையம். அடியில் 'பரிசீலனையில்' என்று இருந்தது.

"மேடம், ரெட். உள்ளே விடாதே சொல்லுது."

"யார் சொல்றாங்க?"

"போன் சொல்லுது மேடம்."

தனக்கோட்டி கம்பிக்கு அந்தப் பக்கம், சாப்பாட்டுப் பையை வயிற்றோடு அணைத்தபடி நின்றாள். அவளுக்குத் தெரிந்த பெண்கள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். போகிறபோது திரும்பிப் பார்த்தார்கள்.

"நா இன்னாக்கா பண்ணேன்?"

"நீ ஒண்ணும் பண்ணலை. ஆப்ல ஏதோ கோளாறு. நான் சரி பண்றேன். நீ வீட்டுக்குப் போ."

சனிக்கிழமை செயலிக்கு ஒரு புதுப்பிப்பு வந்தது. அதில் ஏதோ உடைத்திருக்கிறார்கள். ஓடிக்கொண்டிருக்கிற ஒன்றை நோண்டாமல் இருக்க இந்தக் கூட்டத்துக்குத் தெரியாது. பொத்தானை இடம் மாற்றுவார்கள், நிறத்தை மாற்றுவார்கள், 'உங்கள் அனுபவத்தை மேம்படுத்தியிருக்கிறோம்' என்று ஒரு வரி போடுவார்கள். இன்று அந்த மேம்பாட்டினால் ஒருத்தி வெயிலில் நடந்து பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பிப் போனாள்.

ஜூன் 4, புதன்

வாசல் உதவி எண்ணில் முதலில் ஒரு இயந்திரப் பெண் பேசினாள். "உங்கள் சிரமம் எங்களுக்குப் புரிகிறது" என்று ஆறு முறை சொன்னாள். இந்த வருடம் செய்தியெல்லாம் இதுதான்: இனி உதவி மையங்களில் ஆளே வேண்டாம், இயந்திரம் மனிதரைவிடப் பொறுமையாகப் பேசுகிறது. பொறுமையாகத்தான் பேசுகிறது. இருபத்திரண்டு நிமிடம் என் பொறுமையை வைத்துப் பேசியது.

கடைசியில் ஒரு பையன் வந்தான். கோளாறு எதுவும் இல்லையாம். புதிய விதியாம். சராசரி மூன்றரைக்குக் கீழே போனால் எண் தானாக நின்றுவிடும். பதினைந்து நாள், அல்லது சங்கம் விசாரித்து விடுவிக்கும் வரை.

"மூணுங்கிறது மோசமான மார்க்கா?"

"சிஸ்டத்துல மூணுன்னா நெகட்டிவ் மேடம்."

"மூணுன்னா நல்லா செய்றாங்கன்னு அர்த்தம்."

"எல்லாரும் அஞ்சுதான் மேடம் போடுவாங்க. பிடிக்கலைன்னாத்தான் குறைப்பாங்க."

"எத்தனை பேர் மார்க் போட்டிருக்காங்க இவங்களுக்கு?"

"அதைச் சொல்லக் கூடாது மேடம், பிரைவசி." குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இந்த மாசம் ஒண்ணே ஒண்ணுதான் மேடம்" என்றான்.

ஐந்து வீட்டில் ஒரு வீடு.

போனை வைத்துவிட்டு வெண்டைக்காய் நறுக்கினேன். அவள் வேலை செய்கிற வீடுகளில் 404இல் இருக்கும் அம்மாவாகத்தான் இருக்க வேண்டும். தோட்டக்காரர் தண்ணீர் ஊற்றுவதைக்கூட பால்கனியில் நின்று மேற்பார்வை பார்ப்பவர். ஒருவரின் பிழைப்பு இதில் இருக்கிறது என்று தெரியாமல் போகிறபோக்கில் விரலால் தட்டிவிடுகிறார்கள்.

ஜூன் 6, வெள்ளி

பாத்திரம் நானே தேய்த்தேன். செய்தி எதுவும் படிக்கவில்லை.

ஜூன் 7, சனி

சங்கச் செயலாளர் தாமோதரன் சாரைப் பார்க்கப் போனேன். நாளைக் கூட்டத்தில் விசாரிக்கலாம் என்றார். 'விசாரிக்கலாம்' என்ற சொல்லை அவர் ரசித்துச் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. அவள் எப்படி உள்ளே வருவாள் என்று கேட்டேன். வேலைக்கு வருகிறவர்களை விருந்தாளியாகப் பதியக் கூடாது என்பது விதி. நாளை ஒரு முறை மட்டும் என் விருந்தாளியாகப் போட்டுக்கொள்ளச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து பழநியிடம் கொட்டித் தீர்த்தேன். பழநி என் கணவர். தணிக்கை அலுவலகத்தில் இருபது வருடம் இருந்தவர், குறைவாகப் பேசுவார். விதி, சராசரி, இயந்திரக் குரல், 404 எல்லாவற்றையும் கேட்டார்.

"நீ எவ்வளவு போட்டே?"

"அதுவா இப்ப முக்கியம்? ஒரே ஒரு மார்க்கை வெச்சு சராசரின்னு சொல்றான். சராசரின்னா என்னன்னு தெரியுமா அவனுக்கு?"

பழநி இரண்டாவது முறை கேட்பதில்லை. பேப்பரை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டார். அந்தப் போக்கு எனக்கு எரிச்சலாக இருந்தது.

பேசும் குளிர்சாதனப் பெட்டி வரப் போகிறதாம். பால் தீர்ந்தால் அதுவே சொல்லுமாம். திறந்து பார்த்தால் எனக்கும் தெரியும்.

ஜூன் 8, ஞாயிறு

பத்து மணிக்குக் கைபேசி சிணுங்கியது. 'உங்கள் விருந்தினர் வந்துவிட்டார்! இனிய பொழுதாகட்டும்!' பட்டாசு வெடிக்கிற படம் வேறு. தனக்கோட்டி நல்ல புடவை கட்டி, தலை வாரிப் பூ வைத்துக்கொண்டு வந்திருந்தாள். விருந்தாளி என்பதால் இன்று எங்கள் லிஃப்டில் வரலாம். அவள் படியேறி வந்தாள்.

சங்க அறையில் ஒன்பது பேர் இருந்தோம். அவளுக்கு நாற்காலி இருந்தும் உட்காரவில்லை. தாமோதரன் சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கைபேசியைத் தூரப் பிடித்தார்.

"ஒரு ரெசிடெண்ட் குறிப்பு எழுதியிருக்காங்க. பேர் வராது. படிக்கறேன், கேட்டுக்கோம்மா." தொண்டையைச் செருமிக்கொண்டார். "நிறை: வேலை சுத்தம். சொல்லாமலே தேவையறிந்து செய்வார். குறை: அண்மைக்காலமாகப் பத்து நிமிடத் தாமதம். விளக்கம் தருவதில்லை."

'நிறை' என்ற சொல் வந்ததுமே தனக்கோட்டி என் பக்கம் திரும்பினாள். நான் மேசை மேலிருந்த தண்ணீர் பாட்டிலைப் பார்த்தேன்.

இந்தக் குறிப்பில் இருக்கும் 'விளக்கம் தருவதில்லை' என்பது கம்பெனிகளைப் பற்றி எழுதும்போது நான் வழக்கமாகப் போடும் வரி. அவர்கள் சார்ஜர் தராததற்கு, பழைய போனை மெதுவாக்கியதற்கு.

"என்னம்மா, லேட்டா வரது உண்மையா?"

"பத்து நிமிசம் லேட்டு நெசந்தான் சார்."

"ஏன்னு சொல்றதுக்கு என்ன?"

"யாரும் கேக்கலியே சார்."

அவளே தொடர்ந்தாள். பதற்றமில்லாமல், பஸ் வழி சொல்வது மாதிரி சொன்னாள்.

"முன்ன மாதிரி பஸ்ஸு விட்டு எறங்கி நேரா உள்ள வந்துருவோம். இப்ப கேட்ல லைன் சார். இருபது பொம்பளைங்க நிப்போம். அவராண்ட ஒரு போன்தான் கீது. நம்பர் போட்டா சுத்திக்கினே இருக்கும். டவர் கெடைக்கலன்னா ரோட்டுக்குப் போய்க் கையத் தூக்கிக்கினு நிப்பாரு. என் மொற வர பத்து நிமிசம், பாஞ்சி நிமிசம் ஆயிரும்."

வாசல் வாங்குமுன் நான் அதைக் கேட்டில் நின்று சோதித்தேன். நண்பகல் பன்னிரண்டு மணிக்கு, ஓர் ஆளுக்கு, என் போனில். நான்கு நொடி என்று எழுதியிருந்தேன்.

நான் பேச ஆரம்பித்தேன். நன்றாகவே பேசினேன் என்று இப்போது எழுதவே கூசுகிறது. ஒற்றை மதிப்பெண்ணுக்குச் சராசரி கிடையாது, மூன்று என்பது ஒருவருக்குப் பாராட்டு, இன்னொருவருக்குப் புகார், மனிதர்களை நிறுத்தும் முடிவை ஒரு கணினி நிரல் எடுக்கக் கூடாது. எல்லாம் உண்மை. கை தட்டாத குறை. தாமோதரன் சார் பொறுமையாகக் கேட்டார்.

"மேடம், நீங்க எழுதினதைப் படிச்சுட்டுத்தானே வாங்கினோம். நாலு ஸ்டார் குடுத்திருந்தீங்க."

ஒருவர் சிரித்தார். செயலிக்கு நான்கு போட்டது நினைவிருந்தது. சொன்னதற்கு மேல் செய்கிறது என்று எழுதினேன்.

"இப்ப ரொம்ப சிம்பிள்" என்றார் அவர். "குறிப்பு எழுதினவங்க, அது புகார் இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். அஞ்சு நிமிஷத்துல பச்சை ஆக்கிடறேன். இல்லைன்னா பதினெட்டாந்தேதி வரைக்கும் வெயிட் பண்ணட்டும்."

நான் மறுபடியும் சராசரியைப் பற்றிப் பேசினேன்.

தனக்கோட்டி கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு எல்லோருக்கும் பொதுவாக, "வரேங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள். 'உங்கள் விருந்தினர் விடைபெற்றார்' என்று கைபேசி சொன்னது.

ஆமாம், நான்தான் போட்டேன். ஒன்றாம் தேதி, ரசம் பொங்குவதற்குள்.

ஜூன் 9, திங்கள்

காலையில் மதிப்பெண்ணை மாற்றப் பார்த்தேன். ஒரு முறை போட்டால் மாதம் முடியும் வரை மாற்ற முடியாது. மார்ச் மாத விமர்சனத்தில் இதை நிறை என்று எழுதியிருக்கிறேன்: 'நம்பகத்தன்மைக்கு உத்தரவாதம்.' படித்ததும் கைபேசியைச் சோபாவில் எறிந்தேன். அதற்கு ஒன்றும் ஆகவில்லை. இப்போதெல்லாம் நன்றாகத்தான் செய்கிறார்கள்.

தாமோதரன் சார் மேல் ஆத்திரம். நேற்று என் வாயைப் பார்த்துக்கொண்டே 'எழுதினவங்க சொல்லட்டும்' என்றார். அவருக்குத் தெரிந்திருக்கும். பழநி மேல் ஆத்திரம். ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பேப்பர் படிக்கப் போனார், இன்னொரு முறை கேட்டிருந்தால் என்ன? தனக்கோட்டி மேல்கூடக் கொஞ்சம் ஆத்திரம். கேட்டில் வரிசை என்று ஒரு நாள் சொல்லியிருக்கலாம். இந்த வரியை எழுதிவிட்டுக் கோடு போட்டு அடிக்க நினைத்தேன். அடிக்கவில்லை. இருக்கட்டும், என்ன மாதிரி ஆள் நான் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

இரண்டு மாதமாக அவள் பத்து நிமிடம் தாமதமாக வருகிறாள் என்று கவனித்திருக்கிறேன். நிமிடம் எண்ணியிருக்கிறேன். ஏன் என்று ஒரு நாளும் கேட்கவில்லை. ஒரு போன் சூடானால் ஏன் சூடாகிறது என்று கண்டுபிடிக்க மூன்று நாள் செலவழிக்கிறவள்.

குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவுக்கு எழுத உட்கார்ந்தேன். முதலில் நாற்பது வரி வந்தது. முப்பத்தேழு வரி செயலியைப் பற்றி. அழித்தேன். மிச்சம் இது: 'தனக்கோட்டியைப் பற்றிய குறிப்பை எழுதியது சி பிளாக் 208, உமையாள். அது புகார் இல்லை. அவர் தாமதமானது கேட்டில் நிற்க வைத்ததால், அந்தச் செயலியைச் சிபாரிசு செய்ததும் நான்தான்.'

அனுப்பிவிட்டு அடுப்படியில் போய் நின்றுகொண்டேன். பதினான்கு கட்டைவிரல் வந்தது. ஒருவர் கும்பிட்டிருந்தார். ஒருவர் தண்ணீர் லாரி எப்போது வரும் என்று கேட்டார். இன்னொருவர், வாசல் செயலியில் நாய்களுக்கும் பதிவு உண்டா மேடம் என்று என்னிடமே கேட்டார்.

பழநி படித்துவிட்டுக் காப்பி போட்டுக் கொடுத்தார். "சர்க்கரை கம்மி" என்றேன். "குறைன்னு எழுதிக்கோ" என்றார். முறைத்தேன்.

ஜூன் 10, செவ்வாய்

பிரணப் இன்டர்காமில் கூப்பிட்டார். "மேடம், கிரீன். அக்கா உள்ளே போச்சு."

கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தேன். எட்டு, ஒன்பது, பத்து. மேல்மாடியில் வாளி நகரும் சத்தம் கேட்டது. எங்கள் மாடிக்கு வரவில்லை.

ஜூன் 12, வியாழன்

இந்த ஒரு வாரத்தில் இரண்டு வீடுகள் வேறு ஆள் வைத்துவிட்டன. 305, 501. போய்ப் பேசினேன். "நாங்க என்னங்க பண்றது, சிவப்புன்னு வந்துதே" என்றாள் 501. திருடியிருப்பாளோ என்று நினைத்தார்களாம். சிவப்பு வளையத்துக்கு அடியில் காரணம் எழுதியிருக்காது, அவரவர் வசதிப்படி நிரப்பிக்கொள்ளலாம்.

404 அம்மா வேறு ஆள் வைக்கவில்லை. எழுபது வயதில் ஒரு வாரம் தானே பாத்திரம் தேய்த்து விரலெல்லாம் வெடித்திருக்கிறது. தயங்கித் தயங்கி, அவளுக்கு மார்க் எதுவும் போட்டீர்களா என்று கேட்டேன்.

"அந்த ஸ்டார் எப்படி அமுக்கறதுன்னே எனக்குத் தெரியாதுங்க. நீங்க வந்து சொல்லித் தரேன்னு மார்ச்ல சொன்னீங்க, வரவேயில்ல."

ஆசிரியர் மூன்று முறை கூப்பிட்டார். எடுக்கவில்லை.

ஜூன் 14, சனி

காலை ஏழே முக்காலுக்கு கேட்டில் போய் நின்றேன். இருபத்தாறு பெண்கள். கைக்கடிகாரத்தில் பார்த்தேன், கடைசிப் பெண் உள்ளே போக பதினெட்டு நிமிடம். அந்தக் கடைசிப் பெண் தனக்கோட்டி. என்னைப் பார்த்துத் தலையசைத்தாள், அவ்வளவுதான். பின்னாலேயே போய் சர்வீஸ் லிஃப்டில் ஏறிக்கொண்டேன். அவள் தினமும் ஏறும் லிஃப்ட். நான் அதில் ஏறியது இல்லை. உள்ளே மின்விசிறி கிடையாது. குப்பை டிரம் ஒன்று, அவள் துடைப்பம், நாங்கள் இருவர்.

"நான்தான் எழுதினேன், தனக்கோட்டி."

"தெரியும்க்கா. சாரு நெறன்னு படிக்கறப்பவே தெரியும். குரூப்ல நீங்க போட்டத 404 அம்மா காட்னாங்க."

"அன்னிக்கே சொல்லியிருக்கணும். தப்புதான்."

"கொற எழுதணும்னா என்னாண்டயே கேட்ருக்கலாம்ல. ஒண்ணுதான் எழுதிக்கிறீங்க. மிக்சி மூடி ஒடச்சது, குக்கர் வெயிட்டத் தொலச்சது எல்லாம் வுட்டுட்டீங்க." சிரித்தாள். நானும் சிரிக்கலாமா என்று எனக்குத் தெரியவில்லை.

"திங்கக்கிழமையிலேர்ந்து வரியா?"

"எதுத்தாப்ல புது காம்பவுண்டுல ரெண்டு வூடு புடிச்சிக்கிறேன்க்கா. அங்க நோட்டுல பேர எழுதிக்கினு வுட்டுர்றாங்க."

"அதை முடிச்சுட்டு வா. பத்து மணி ஆனாலும் பரவாயில்லை, பதினொண்ணு ஆனாலும் சரி."

"நேரம்லாம் கீதுக்கா."

லிஃப்ட் மெதுவாக ஏறியது. அவள் துடைப்பக் குச்சியைச் சுவரில் தட்டிச் சமன் செய்துகொண்டே பேசினாள்.

"நா பெருக்கறப்போ நீங்க போன்ல பேசிக்கினே இருப்பீங்க. ஏழு வருசமும் போனப் பத்தித்தான் பேசறீங்கன்னு நெனச்சிக்கினு இருந்தேன். இனிமே நீங்க வாயத் தொறந்தா, நம்மளப் பத்தியோன்னு தோணும். கை ஓடாதுக்கா."

நான்காவது மாடியில் கதவு திறந்தது. துடைப்பத்தை எடுத்துக்கொண்டு இறங்கினாள். இரண்டடி போய்த் திரும்பிப் பார்த்தாள்.

"ரெண்டு அமுக்குங்க. இது தானா எறங்காது."

அமுக்கினேன்.